காத்தாயியின் மூணு நிமிஷம்

புன்னைத்துறைக் குளக்கரையில் ஒரு சின்ன மடம் இருக்கிறது. அதில் இருப்பவரை ஊர் சாமியம்மா என்று கூப்பிடும். ராமேஸ்வரம் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண் என்கிறார்கள். எப்படிச் சாமியம்மா ஆனார் என்று விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவரையே கேட்டால் சிரிப்பார். நானும் கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்.

சீடர் கூட்டமெல்லாம் கிடையாது. நாலைந்து பேர் வருவார்கள், போவார்கள். அதில் ஒருத்தி காத்தாயி. மீன் விற்கிறவள். சாமியம்மாவைவிடப் பத்து வயசாவது மூத்தவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவளிடம் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள், அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் மத்தியானம் மடத்துக்கு வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

சாமியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அழுது முடிக்கட்டும் என்று விட்டார்.

"குமுதாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு" என்றாள் காத்தாயி.

குமுதா அவள் தங்கை. சந்தையில் இரண்டு பேரும் ஒரே சாக்கை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறவர்கள்.

"என்னாச்சு?"

"கிட்னி ஒண்ணு போயிடுச்சாம். இன்னொண்ணு பாதியில நிக்குதாம். நெறைய தண்ணி குடிக்கணும், குடிக்காம இருந்தா அதுவும் போயிடும், அப்புறம் ஆளே இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. குடிச்சிட்டு எங்க போறது சாமியம்மா? சந்தையில அதுக்கு எடம் ஏது?"

இடம் கிடையாதுதான். விடிகிறதுக்கு முன்னால் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, சந்தைக்கு வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். அறுபது பெண்கள். முன்பு சந்தைக்குப் பின்னால் கருவேலம்புதர் இருந்தது. அதை வெட்டிவிட்டு ஒருவர் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார். அதன் பிறகு அந்தப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பழகிக்கொண்டார்கள்.

"இனிமே குமுதா வீட்டுல இருக்கட்டுமே."

"வீட்டுல இருந்தா அடுப்பு எரியாது. புருஷன் கடலுக்குப் போயி வரல. ரெண்டு புள்ளைங்க. உடம்பு தேறினதும் சந்தைக்குத்தான் வரணும். வந்தா குடிக்க முடியாது. குடிக்காட்டி செத்துப்போவா."

சாமியம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"அதுக்குத்தான் எம்.எல்.ஏ.வைப் பாக்கப் போறோம். இப்ப வந்திருக்கிறது பொம்பளை எம்.எல்.ஏ. திலகவல்லி அம்மா. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. பி.ஏ. மூணு நிமிஷம் குடுத்திருக்காரு. நான்தான் பேசணுமாம்."

"பேசேன். உனக்கா பேச வராது?"

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேருகிட்ட பேசியாச்சு. மொதல்ல இருந்தவருகிட்ட அடிப்படை வசதி செஞ்சு குடுங்கன்னு கேட்டோம். வானத்தைத் தொடுற மாதிரி ஒரு வெளக்குக் கம்பம் நட்டு, அதுல அவரு பேரை எழுதிட்டுப் போனாரு. நாங்க பொழுதோட கடையக் கட்டுறவங்க, எங்களுக்கு எதுக்கு வெளக்கு?"

"அடுத்தவரு?"

"அவருகிட்டயும் அடிப்படை வசதின்னுதான் கேட்டோம். குடிதண்ணித் தொட்டி கட்டிக் குடுத்தாரு."

சாமியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. காத்தாயிக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் அடிப்படை வசதின்னே கேக்குறீங்க?"

"வேற எப்படிக் கேக்குறது? சுத்தி அத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்க. நம்ம வாயால அதை எப்படிச் சொல்றது?"

பிறகு அவள் முந்தானையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். டுட்டோரியல் வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அதற்காக ஒரு கூறு வஞ்சிரம் வாங்கிக்கொண்டாராம். எழுதியதைப் பார்த்தால் நல்ல மீனாகத்தான் கொடுத்திருக்கிறாள்.

"இதை மனப்பாடம் பண்ணிட்டேன். நீங்க ஒரு தடவை கேளுங்க. கொறை இருந்தா சொல்லுங்க."

சாமியம்மா எழுந்தார். "குளத்துக்கு வா. அங்க கேக்குறேன்."

படித்துறையில் கடைசிப் படிக்கு முந்திய படியில் காத்தாயியை உட்காரச் சொன்னார். தான் கழுத்தளவுத் தண்ணீரில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார்.

"நான் முங்கப் போறேன். முங்கினதும் நீ ஆரம்பி. உனக்கு என்ன வேணும்னு சொல்லி முடிச்சதும் என் தோளைத் தொடு. தொட்டாத்தான் எந்திரிப்பேன். சொல்லாம தொடக்கூடாது."

"தண்ணிக்குள்ள உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

சாமியம்மா முங்கிவிட்டார்.

காத்தாயிக்கு இது என்ன விளையாட்டு என்று இருந்தது. இருந்தாலும் குரு சொல்லியிருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏழை எளியவர்களின் விடிவெள்ளியே, புன்னைத்துறை பெற்றெடுத்த பொன்மகளே, தாய்க்குலத்தின் தங்க விளக்கே, தொண்டுக்கென்றே பிறந்த தூயவரே, தங்களின் பொற்பாதங்களை வணங்கி..."

அவளுக்கே அவள் குரல் பிடித்திருந்தது. குளத்தங்கரையில் நன்றாக எதிரொலித்தது. தூயவர் முடிந்து, தியாகம் முடிந்து, தலைவர் பெயரும் கட்சிப் பெயரும் வந்து போயின. "பல்லாண்டு காலமாக இச்சந்தையில் மீன் விற்பனை செய்து பிழைப்பு நடத்தி வரும் நாங்கள்" என்கிற இடத்துக்கு வந்தபோது தண்ணீரைப் பார்த்தாள்.

குமிழி வரவில்லை. சாமியம்மாவின் தலைமுடி மட்டும் மேலே பரவி மிதந்தது.

"சாமியம்மா?"

தண்ணீர் அசையவில்லை. அவள் அவசர அவசரமாக மேலே சொன்னாள். சந்தை எந்த வருஷம் ஏற்பட்டது, எந்தக் கலெக்டர் திறந்துவைத்தார் என்று வாத்தியார் விவரமாக எழுதியிருந்தார். அதைத் தாண்டித்தான் வேண்டுகோள் வருகிறது. கலெக்டர் பெயர் நாக்கில் சிக்கியது. மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

"ஏண்டி பொண்ணே, எந்திரிடி" என்று கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்து, சாமியம்மாவை இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினாள்.

சாமியம்மா எழுந்தார். நீளமாக ஒரு மூச்சு வாங்கினார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன வேணும் உனக்கு?"

"நீங்க எந்திரிச்சாப் போதும்."

"அது இல்ல. எம்.எல்.ஏ.கிட்ட என்ன வேணும்?"

"அதுக்கு நான் இன்னும் வரவே இல்லியே."

"ஆமா. வரல."

காத்தாயிக்கு அப்போதுதான் தான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களைப் போயி ஏண்டின்னுட்டேன்."

"நான் முங்கினப்புறம் நீ என்கிட்ட பேசின மொதப் பேச்சு அதுதான்" என்றார் சாமியம்மா. "தாள் எங்க?"

தாள் குளத்தில் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"மறுபடியும்" என்று சொல்லிவிட்டு சாமியம்மா முங்கினார்.

இந்தத் தடவை காத்தாயிக்கு விடிவெள்ளியும் இல்லை, பொன்மகளும் இல்லை. "அம்மா, நாங்க மீன் சந்தைப் பொம்பளைங்க, எங்களுக்கு அடிப்படை வசதி வேணும்" என்று ஒரே மூச்சில் சொல்லி, தோளைத் தொட்டாள்.

சாமியம்மா எழவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொட்டாள். எழவில்லை. "சொல்லிட்டேனே" என்றாள். தண்ணீர் சும்மா இருந்தது. தூக்கலாம் என்று பிடித்தாள். இந்தத் தடவை தூக்க வரவில்லை. கல் மாதிரி இருந்தார்.

அவளுக்கு உடம்பு நடுங்கியது. இந்தப் பொண்ணு செத்துப்போகும், என்னால் செத்துப்போகும் என்று நினைத்தாள். எதைச் சொல்லவில்லை, எதைச் சொல்லவில்லை என்று யோசித்தாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. எதிர்க்கரையில் ஒருவன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு குளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்களுக்கு ஒண்ணுக்குப் போக எடமில்ல. கக்கூஸ் வேணும்."

மாடு குளிப்பாட்டியவன் திரும்பிப் பார்த்தான். காத்தாயி அவனைப் பார்க்கவில்லை. தோளைத் தொட்டாள்.

சாமியம்மா எழுந்தார்.

காத்தாயி அவரைப் பார்த்தபடி தண்ணீரில் நின்றாள். கையெல்லாம் புல்லரித்திருந்தது. எவ்வளவு நேரம் இந்த மனுஷி மூச்சில்லாமல் கிடந்தார் என்று நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக இன்னொன்றும் இருந்தது. கோவிலில் திரையை விலக்கித் தீபாராதனை காட்டும்போது வருமே, அதுதான்.

"தண்ணிக்குள்ள நான் சொன்னது கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"மொதல்ல தொட்ட கை நடுங்குச்சு. கடைசியாத் தொட்ட கை நடுங்கல."

காத்தாயி அவர் காலில் விழப் பார்த்தாள். தண்ணீரில் எப்படி விழுவது? கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை நீங்களும் கூட வந்துடுங்க."

"எனக்கு அங்க என்ன வேலை?"

"அங்க போயி பயம் வந்துட்டா?"

"அந்த அம்மாவும் தண்ணிக்குள்ளதான் இருக்காங்க, காத்தாயி. எந்நேரமும் யாராவது பொன்மகளேன்னுக்கிட்டே இருப்பாங்க. ஒண்ணும் காதுல விழாது. நீ போயித் தொடு."

திங்கட்கிழமை வந்தது. சித்திரை வெயில். எம்.எல்.ஏ. அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. காத்தாயியோடு சந்தையிலிருந்து நாலு பெண்கள் போயிருந்தார்கள். அவள் சால்வை வாங்கவில்லை என்பதில் அந்த நாலு பேருக்கும் வழி முழுக்க அவளோடு சண்டை. சால்வை இல்லாமல் எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது, வரிசைத் தட்டு இல்லாமல் பெண் கேட்கப் போவது மாதிரியாம்.

அவர்களுக்கு முன்னால் பால்காரர் சங்கம் உள்ளே போயிற்று. பத்துப் பேர், ஆளுக்கொரு சால்வை, சால்வைக்கு ஒரு போட்டோ. கடைசிப் போட்டோ முடிந்ததும் பி.ஏ. "அடுத்து" என்றார். வாசலில் வந்து செருப்பை மாட்டும்போதுதான், கேட்க வந்ததைக் கேட்கவில்லை என்று பால்காரர்களுக்கு ஞாபகம் வந்தது. மறுபடி உள்ளே போக விடுவார்களா?

"மூணு நிமிஷம்" என்று சொல்லி பி.ஏ. இவர்களை உள்ளே விட்டார். "போட்டோவும் அதுக்குள்ளதான்."

உள்ளே எம்.எல்.ஏ. திலகவல்லி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கையில் போன். சுற்றி ஆண்கள். கட்சிக்காரர்கள் ஐந்தாறு பேர், துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர், சால்வை எங்கே என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு தேடும் ஒருவர்.

"சொல்லுங்கம்மா" என்றார் எம்.எல்.ஏ., போனைப் பார்த்தபடி.

குளத்தில் வந்த பேச்சு காத்தாயிக்கு இங்கே வரவில்லை. அத்தனை ஆண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். அந்த வார்த்தையை விட்டுவிட்டு வேறு எல்லா வார்த்தையும் அவள் வாய்க்கு வந்தது. விடிவெள்ளிகூட வந்தது.

அதற்குள் ஒருவர் தட்டில் மோர் கொண்டுவந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க" என்றார் எம்.எல்.ஏ.

ஐந்து பெண்களும் ஆளுக்கொரு டம்ளரை எடுத்தார்கள். உதட்டில் வைத்தார்கள். அப்படியே தட்டில் வைத்துவிட்டார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. தினமும் செய்வதுதான்.

எம்.எல்.ஏ. போனிலிருந்து கண்ணை எடுத்தார். ஐந்து டம்ளரும் நிரம்பியபடி இருந்தன. முகம் சுருங்கியது.

"ஏம்மா, நம்ம எடத்துல ஒரு வாய் மோர் குடிக்க ஆகாதா?"

"எதிர்க்கட்சி ஆளுங்களா இருக்கும்" என்றார் ஒரு கட்சிக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். பி.ஏ. கடிகாரத்தைப் பார்த்தார்.

காத்தாயிக்குக் குமுதாவின் முகம் கண் முன்னால் வந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இந்த மூன்று நிமிஷமும் போனால் அவளும் போய்விடுவாள்.

"மோர் குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா" என்றாள். "இங்கேருந்து நேரா சந்தைக்குப் போறோம். அங்க ஒண்ணுக்குப் போக எடமில்ல. அறுபது பொம்பளைங்க, விடிஞ்சதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கிறதில்ல. அதனாலதான் என் தங்கச்சி சாகக் கிடக்குறா. எங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். எம்.எல்.ஏ. அந்த ஐந்து டம்ளரையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

"மேடம், அடுத்து வியாபாரிகள் சங்கம்..." என்றார் பி.ஏ.

"வெளிய இருங்கன்னேன்."

ஆண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போலீஸ்காரர் மட்டும் நின்றார். "நீங்களுந்தான்" என்றார் எம்.எல்.ஏ.

கதவு சாத்திய பிறகு அவர் எழுந்து வந்து, பெஞ்சில் அந்தப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தார். அவருடைய குரலே மாறிவிட்டது.

"தொகுதிக்குள்ள போனா ஊர் ஊருக்கு எளநீர் வெட்டிக் குடுப்பாங்க" என்றார். "ஒரு வாய் வெச்சிட்டு, பக்கத்துல நிக்கிற வயசானவங்க யாருக்காவது குடுத்துடுவேன். எவ்வளவு பெரிய மனசுன்னு கைதட்டுவாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டிருக்கும். குடிச்சா எங்க போறது? வண்டி முழுக்க ஆம்பளைங்க. நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது?"

எம்.எல்.ஏ. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனையோ மேடையில பேசியிருக்கேன். சட்டசபையில பேசியிருக்கேன். இதை வாயத் திறந்து சொன்னதில்ல. என் வீட்டுல கூடத் தெரியாது."

காத்தாயி அவரைப் பார்த்தாள். பட்டுச் சேலை, கட்சிக் கரை, காதில் கல் தோடு. உதட்டோரம் தோல் காய்ந்து உரிந்திருந்தது. இவ்வளவு நேரம் அது கண்ணில் படவே இல்லை. அவளுக்கு அந்தப் பெண்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. தன்னையறியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எம்.எல்.ஏ. கையை விலக்கவில்லை.

"உன் தங்கச்சி பேரு என்ன?"

"குமுதா."

"எடம் எங்க இருக்கு?"

"வெளக்குக் கம்பத்துக்குப் பின்னாடி. பொறம்போக்குதான்."

"நாளைக்குக் காலையில வர்றேன்."

அரசியல்வாதி வருகிறேன் என்றால் அது எந்த நாளை என்று நமக்குத் தெரியாதா? நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் மறுநாள் ஏல மீன் சந்தைக்கு வந்து இறங்கும்போதே அவர் வந்து நின்றார். இன்ஜினீயரைக் கூட்டி வந்திருந்தார். கம்பத்துக்குப் பின்னால் சுண்ணாம்புத்தூளில் கோடு போட்டார்கள். தன் தொகுதி நிதியிலிருந்து கட்டுவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். கட்டடம் எழும்பி, பெயர்ப் பலகை வைத்து, திறப்பு விழா நடக்க நாளாகும். அதுவரைக்கும் என்று ஒரு நடமாடும் கழிப்பறை வண்டியை வரவழைத்துச் சந்தையோரம் நிறுத்திவிட்டுப் போனார். பெண்கள் அதைச் சுற்றி நின்று, நீ போ, நீ போ என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காத்தாயி மீனைப் பக்கத்தில் இருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தங்கையிடம் ஒன்று விடாமல் சொன்னாள். குமுதா படுத்தபடியே கேட்டாள். இளநீர்க் கதை வந்தபோது சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இனிமே பயமில்ல குமுதா. நல்லாக் குடி. தேறி வா."

குமுதா தலையாட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. காலையில் ஊற்றி வைத்தது.

நர்ஸ் வந்தார். "நீங்கதான் அக்காவா? கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க. ரெண்டு வாய்க்கு மேல குடிக்க மாட்டேங்குறாங்க. எத்தனை நாளைக்கு ஊசியிலயே ஏத்துறது? டாக்டர் சத்தம் போடுறாங்க."

"ஏன் குமுதா?"

"எறங்க மாட்டேங்குதுக்கா. பாத்ரூம் பக்கத்துலதான் இருக்கு, தெரியுது. ஆனா தண்ணியப் பாத்தாலே, வேணாம், இப்ப வேணாம்னு தோணுது. தொண்ட தானா மூடிக்குது."

காத்தாயி கெஞ்சினாள். திட்டினாள். பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். டம்ளரை வாயில் வைத்து அழுத்தினாள். குமுதா ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் தாழ்கிற நேரத்தில் காத்தாயி மடத்துக்கு வந்தாள். சாமியம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காத்தாயி எல்லாவற்றையும் சொன்னாள். மோர், கதவு சாத்தியது, எம்.எல்.ஏ.வின் கை, சுண்ணாம்புக் கோடு. சொல்லும்போதே அவளுக்கு மறுபடி புல்லரித்தது.

"நம்மளையெல்லாம் ஏறெடுத்துப் பாப்பாங்களான்னு நெனச்ச மனுஷி, எம் பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க சாமியம்மா. நான் சொன்னது நாலு பேச்சுகூட இல்ல. என்னால இப்பவும் நம்ப முடியல. அதுக்குள்ள அப்படி என்ன இருந்துச்சு?"

சாமியம்மா துணியை உதறினார். "குமுதா எப்படி இருக்கா?"

காத்தாயியின் முகம் விழுந்துவிட்டது. அதையும் சொன்னாள். சொல்லி முடித்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஊரை ஆள்ற அம்மாவை அசைச்சிட்டேன். எங்கூடப் பொறந்தவள என்னால அசைக்க முடியல. டாக்டரம்மா சொல்லிப் பாத்தாச்சு. நர்சம்மா சொல்லிப் பாத்தாச்சு. நான் கால்ல விழாத கொறைதான். அவ குடிக்கலைன்னா, கக்கூஸ் கட்டி எனக்கு என்ன ஆகப்போகுது? அவகிட்ட எதைச் சொன்னா கேப்பான்னு நீங்கதான் சொல்லணும். ஒரு பேச்சு போதும்."

சாமியம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்த உதட்டைப் பார்த்தார்.

"சந்தைக்குத்தான் வண்டி வந்துடுச்சே. இன்னைக்கு நீ எவ்வளவு தண்ணி குடிச்சே?"

காத்தாயி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காலையில் ஒரு டீ. அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

சாமியம்மா அவள் தலையைத் தடவினார்.

"குமுதாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. போயி, அவ எதிர்ல உக்காந்து நீ குடி."